அப்பாவின் கன்னக் கட்டி, மெர்கல் செல் ரிப்போர்ட்
களியக்காவிளை தம்பிக்கு: அப்பாவின் கன்னத்தில் கொழுப்புக்கட்டி என்று உள்ளூரில் வெட்டியெடுத்தது, பயாப்சியில் மெர்கல் செல் கார்சினோமா (அரிதான, வேகமாகப் பரவும் தோல் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது, புண்தான் ஆறிவிட்டதே, இனி என்ன என்று கேட்டிருந்தீர்கள்.

புண் ஆறியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என் சித்தப்பாவுக்கும் இதே கதைதான். வலியில்லையே என்று இரண்டு மாதம் விட்டோம், கழுத்தில் நெறி கட்டிவிட்டது. வலிக்காமல், சிவந்து, மளமளவென்று வளர்வதுதான் இதன் குணம்.

முதலில் லேபில் மெழுகு பிளாக்கையும் (வெட்டிய திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். நுரையீரலின் சிறுசெல் புற்றும் மைக்ராஸ்கோப்பில் இப்படித்தான் தெரியும். அதனால் திசுவில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும்; அதில் சிகே20 என்ற புரதம் பாசிட்டிவ், டிடிஎஃப்1 நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் மெர்கல்தான். அதோடு இந்த வாரமே திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போங்கள், உங்களுக்குப் பஸ் தூரம்தானே.

வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமிருந்தால் சுற்றிலும் 1–2 செ.மீ. சேர்த்து மறுபடி வெட்டுவார்கள். கன்னத்தில் அவ்வளவு முடியாது என்றால் கதிர்வீச்சு கைகொடுக்கும். இந்தக் கட்டி அதற்கு நன்றாகவே மசியும். கழுத்து நிணநீர் முடிச்சுக்கு சென்டினல் பயாப்சி (புற்று முதலில் பரவக்கூடிய முடிச்சை எடுத்துச் சோதிப்பது) உண்டா என்று நீங்களே கேளுங்கள். பரவியிருந்தால் அவெலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றை எதிர்க்கும் மருந்து) இருக்கிறது, விலைதான் கடுமை. அப்புறம், வெட்டிய டாக்டரிடம் ஆபரேஷன் குறிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள்.