தசை வளர எத்தனை செட் போட வேண்டும்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒன்றரை வருடமாக வாரத்துக்கு ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்மில் இருக்கிறேன். நெஞ்சுக்கு மட்டும் ஒரே நாளில் 20 செட் (நடுவில் ஓய்வெடுக்காமல் தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்). கையும் நெஞ்சும் அளவு கூடவே இல்லை. ஹெச்.ஐ.டி. (ஹை இன்டென்சிட்டி டிரெய்னிங்) முறையில் ஒரே ஒரு செட் போதும் என்கிறார் நண்பர். நம்பலாமா?
வாசகர், காட்பாடி

நண்பர் சொல்வதில் பாதி சரி. 1970-களில் அமெரிக்காவின் ஆர்தர் ஜோன்ஸ், தன் நாட்டிலஸ் உடற்பயிற்சி இயந்திரங்களோடு சேர்த்துப் பரப்பிய முறை இது. 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை பாடிபில்டிங்கின் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற டோரியன் யேட்ஸும் இதைத் தன் பாணியில் கடைப்பிடித்தார். ஆனால் அவருடைய அந்த ஒரு செட்டுக்கு முன்னால் வார்ம் அப் செட்கள் உண்டு. ஒரே தசைக்கு மூன்று, நான்கு விதப் பயிற்சிகளும் உண்டு. கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நடுத்தர எடையைத் தூக்கும்போது உடம்பு எல்லாத் தசை நார்களையும் உடனே வேலைக்கு இறக்காது. எளிதில் களைக்காத சிறிய நார்கள் முதலில் வரும். அவை தளரத் தளரத்தான் பெரிய நார்கள் வரும். பருமன் கூடுவது பெரும்பாலும் அவற்றில்தான். ஆகவே 12 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) வரும் எடையில் கடைசி நாலைந்து ரெப்தான் கணக்கில் சேரும். 20 செட் போட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு வருபவர் ஒவ்வொரு செட்டிலும் தெம்பை மிச்சம் பிடித்தே தீருவார். உங்கள் இரண்டு மணி நேரம் அங்கேதான் போகிறது.

செட்டைக் குறையுங்கள், ஆனால் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். ஒரு தசைக்கு வாரத்தில் 8 முதல் 10 கடினமான செட், அதுவும் இரண்டு நாளாகப் பிரித்து. உதாரணமாக பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்தபடி பாரைத் தள்ளுவது) நீங்கள் தூக்கும் எடை 60 கிலோ என்றால், வெறும் பாரில் 10 ரெப், 35 கிலோவில் 6, 50 கிலோவில் 3. இதெல்லாம் வார்ம் அப், களைக்கக் கூடாது. பிறகு 60 கிலோவில் முடிந்தவரை. மூன்று நிமிடம் உட்காருங்கள். இன்னொரு செட். இறக்கும்போது இரண்டு, மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள்; நெஞ்சில் மோதித் துள்ளும் பாரால் தசைக்குப் பலன் இல்லை.

‘இனி வராது’ என்று நிறுத்துபவர்களில் பலருக்கு இன்னும் மூன்று ரெப் வரும். எரிச்சலை முடிவு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையான முடிவுக்கு அடையாளம் வேகம்: முழு பலத்தோடு தள்ளியும் எடை மெல்ல ஊர்ந்து, பாதியில் நிற்கும். இதை ஒருமுறை செஸ்ட் பிரஸ் இயந்திரத்தில் பழகிப் பாருங்கள். ஸ்க்வாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிற்பது) அந்த எல்லை வரை போகாமல் ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வையுங்கள். களைத்த இடுப்பு வளையும்போதுதான் முதுகு பிடிக்கும். பெஞ்ச் பிரஸ்ஸில் பின்னால் ஆள் நிற்காவிட்டால் பிளேட்டைக் கிளிப் போட்டுப் பூட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரிய விட்டு வெளியே வந்துவிடலாம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 8 ரெப் வரும் எடையில் தொடங்கி, 12 வந்ததும் 2.5 கிலோ கூட்டுங்கள். அதாவது பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட். இரண்டு வாரம் தொடர்ந்து ரெப் குறைந்தால் அது களைப்பு. அடுத்த வாரம் பாதி செட்டோடு நிறுத்துங்கள்.

ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை. ஜிம்முக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் முடியும். வீண்தானா?
வாசகர், ஆம்பூர்

வீணே இல்லை. இந்த முறை உங்களைப் போன்றவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். இடையில் இரண்டு நாளாவது இருக்கும்படி, ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் முழு உடம்பு: லெக் பிரஸ் அல்லது ஸ்க்வாட், பெஞ்ச் பிரஸ், லாட் புல்டவுன், ரோயிங், டம்பெல் ஷோல்டர் பிரஸ், கடைசியில் பைசெப்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு கடினமான செட். ஒரு மணி நேரம் தாண்டாது. நின்று கனத்துப்போன காலுக்கு முதல் மாதம் ஒரு செட் போதும்.

புரதப் பவுடர் வாங்க வசதியில்லை. எடை 60 கிலோ. வீட்டில் கேழ்வரகுக் களி, சாதம், குழம்புதான். தசை ஏறுமா?
வாசகர், ஆரணி

ஏறும், ஆனால் களியை மட்டும் நம்பினால் ஏறாது. கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் உங்களுக்கு நாளைக்குச் சுமார் 96 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 7 கிராம் அளவுதான் இருக்கிறது. நான்கு முட்டையில் 24, மீல் மேக்கர் 50 கிராமில் 26, அரை லிட்டர் பாலில் 16, வேர்க்கடலை 50 கிராமில் 12, வேகவைப்பதற்கு முன் 50 கிராம் பருப்பில் 11. மொத்தம் 89. மீதி சாதத்திலும் களியிலும் வந்துவிடும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று, நான்கு வேளையாகப் பிரியுங்கள். பிரியாணி சாப்பிடும் நாளில் கறித்துண்டை எண்ணுங்கள், அரிசியை அல்ல. ஒரு மாதத்தில் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை என்றால் குறை புரதத்தில் இல்லை, மொத்தச் சாப்பாட்டில். அப்போது களியைத்தான் ஓர் உருண்டை கூட்ட வேண்டும்.

மே மாதத்தில் லெக் பிரஸ் போட்டதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் ஜிம்முக்குத் தகரக் கூரை.
வாசகர், வேலூர்

காரணம் இரண்டு இருக்கலாம். மூச்சை அடக்கித் தள்ளும்போது ரத்த அழுத்தம் சட்டென ஏறி, விட்டதும் இறங்கும். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். செட் முடிந்ததும் துள்ளி எழாதீர்கள். இன்னொன்று வெயில். அக்னி நட்சத்திரத்தில் தகரத்தின் கீழ் மாலைப் பயிற்சி வேண்டாம். காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ சேர்த்து ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடியுங்கள். பிறகும் இருட்டினால், அல்லது ரத்த அழுத்தம் இருந்தால், டாக்டரைப் பார்க்காமல் தொடராதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளே வெறியோடு போட்டு, மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடைந்த தசை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் போல ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரை தூக்கி, பிறகு மேலே தள்ளுவது) பழகினால் தசை வேகமாக வளருமா?
வாசகர், வாலாஜாபேட்டை

2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். கிளாஸ்கோவில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. அது வேகமும் நுட்பமும் சேர்ந்த தனி விளையாட்டு. எடையை மெதுவாக இறக்காமல் கீழே விட்டுவிடுவதால், இறக்கும்போது தசைக்குக் கிடைக்கும் வேலை அதில் குறைவு. களைத்த பின் ஸ்நாட்ச் போடுவதோ ஆபத்து. பளுதூக்குவோரின் தொடையும் முதுகும் பருத்திருக்கப் பெரிய காரணம், கூடவே போடும் ஸ்க்வாட்டும், பாரை மேலே இழுக்கும் புல்லிங் பயிற்சிகளும். பருமன்தான் நோக்கம் என்றால் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகவே பழக ஆசையா? சத்துவாச்சாரியிலேயே ஒரு கோச்சிடம் சேருங்கள். முதல் சில வாரம் வெறும் பாரைத்தான் கையில் கொடுப்பார், அவசரப்படுத்தாதீர்கள்.