கேட் எங்கே, யூ-டர்ன் எங்கே: டிராஃபிக் ஸ்டடி பற்றிக் கேள்வி பதில்

புதுசாக அடுக்குமாடியோ மாலோ மண்டபமோ வரும்போது, அதனால் ரோட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சென்னையில் இருபது வருஷமாகச் செய்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பில்டர் ஒருவர்: டிராயிங் எல்லாம் முடிஞ்சாச்சு சார். அப்ரூவலுக்கு டிராஃபிக் ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. சீக்கிரம் கிடைக்குமா?

டிராயிங் முடிந்தபிறகு வருகிறீர்களே, அதுதான் சார் சிக்கல். நான் சொல்லும் பாதி விஷயம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது.

ஒரு கணக்கு பாருங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் 180 கார் உள்ளே வருகிறது. செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, கேட்டில் குறுக்கே இருக்கும் தடுப்புக் கம்பி, அதாவது பூம் பேரியர், தூக்கி இறங்க ஒரு காருக்கு 15 செகண்ட். மணிக்கு 240 கார் போகலாம், தாராளம் என்று தோன்றும். ஆனால் கார்கள் வரிசை வைத்து வருவதில்லை. சிக்னல் விட்டதும் கும்பலாக வரும். பத்து நிமிஷத்தில் 50 வந்தால் 40தான் உள்ளே போகும். மிச்சம் 10 கார், ஆளுக்கு 6 மீட்டர் வைத்தால் 60 மீட்டர் வால். அந்த வால் மெயின் ரோட்டில் நிற்கும். பூம் பேரியரை 60 மீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் பிரச்சினையே இல்லை. அந்த இடத்தில்தான் நீங்கள் கிளப் ஹவுஸ் போட்டிருப்பீர்கள்!

வேளச்சேரியிலிருந்து: எங்க தெருமுனையில ரெண்டு பசங்க காலையிலிருந்து போற வண்டியை எண்ணித் தாள்ல கோடு போட்டுக்கிட்டிருந்தாங்க. அதை வெச்சா 400 வீடு வரலாமான்னு முடிவு பண்றாங்க?

அதையும் வைத்து. அந்தத் தாளில் 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். பைக், ஆட்டோ, கார், பஸ் என்று தனித்தனியாக, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிப்பார்கள். பையன் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் பஸ் வந்து நின்றால், அது நகரும்வரை அந்தப் பக்கம் போன பைக்கெல்லாம் கணக்கில் விழாது. அதனால்தான் இப்போது நிறையப் பேர் கம்பத்தில் கேமரா கட்டிவிட்டு, ஆபீஸில் போட்டுப் பார்த்து எண்ணுகிறோம்.

அதன்பிறகு, இதே மாதிரி குடியிருக்கும் பழைய அப்பார்ட்மென்ட் ஒன்றின் கேட்டில் நின்று, வீட்டுக்கு எத்தனை வண்டி காலையில் வெளியே போகிறது என்று எண்ண வேண்டும். வீட்டுக்கு இத்தனை வண்டி என்று அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கும் விகிதத்தை அப்படியே தூக்கிப் போட்ட ரிப்போர்ட் இங்கே செல்லாது. அவர்கள் வீட்டில் பைக் ஏது?

சிவில் மாணவி: பைக்கைக் காராக மாற்றிக் கணக்கிடுவது எப்படி சார்?

ரோடு போடும் விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 106ஆம் வழிகாட்டியை (1990) எடுத்துப் பாரும்மா. ஒவ்வொரு வண்டியும் ரோட்டுக்கு எத்தனை கார் அளவு சுமை என்று அதில் எண் இருக்கும். கார் 1. டூவீலர், மொத்த வண்டியில் 5 சதவீதம்தான் என்றால் 0.5; 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 0.75. பஸ்ஸுக்கும் அப்படியே 2.2, 3.7 என்று இரண்டு எண். நம் ஊரில் டூவீலர் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ரோடு எங்கே இருக்கிறது? ஆனாலும் 0.5 போட்ட ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். 1000 பைக் ஓடும் ரோட்டில் 250 கார் அளவுக்குச் சுமை காணாமல் போய்விடும். ரிப்போர்ட் கையில் கிடைத்தால் முதலில் அந்த அட்டவணையைத்தான் புரட்டுவேன்.

மண்டபம் பக்கத்து வீட்டுக்காரர்: "பாதிப்பு குறைவு"ன்னு ரிப்போர்ட்ல இருக்காம். முகூர்த்த நாள்ல என் வீட்டு வாசல்ல வண்டி எடுக்க முடியல.

எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று பாருங்கள் அண்ணே. ஆடியிலோ மார்கழியிலோ எண்ணியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஸ்கூல் பக்கத்தில் மே மாதம் எண்ணுவதும், மாலுக்குச் செவ்வாய்க்கிழமை எண்ணுவதும் இதே ரகம்தான்.

ரிப்போர்ட்டை நாங்க பார்க்க முடியுமா?

மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு டிராஃபிக் விவரமும் வைப்பார்கள். அந்த விண்ணப்பங்கள் இருக்கும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ரோட்டை அகலப்படுத்திட்டா போதாதா?

போதாது. வரைபடத்தில் 60 அடி ரோடு. போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் லோடு ஆட்டோ, இன்னொரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை பெஞ்ச். ஓடுவது 30 அடி. அதைத்தான் நான் டேப் வைத்து அளப்பேன். பில்டர் தன் முகப்பில் மட்டும் தானப் பத்திரம் எழுதி இடம் விடுவார், பக்கத்து மனைக்காரர் விடமாட்டார். அகலம் பாட்டில் கழுத்து மாதிரி ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் 2020 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழல் ஆய்வில் ரோட்டு நெரிசலை விட்டுவிட்டு, புதுக் கட்டடத்தால் மொத்தம் எத்தனை மைல் வண்டி கூடுதலாக ஓடும் என்று பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்த யோசனை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை நடக்க நடைபாதை போட்டாலும் அந்தக் கணக்கில் மைல் குறையும்.

ஓ.எம்.ஆரில் பிளாட் வாங்கப் போகிறேன். "மெட்ரோ வாசலிலேயே" என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

மாதவரம்–சிப்காட் தடம் வந்தால் நல்லதுதான் மேடம். ஆனால் மெட்ரோ வரும் என்று சொல்லி இன்றைய கார் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருந்தால் அதை நம்பாதீர்கள். சாவி வாங்கும் நாளில் ரயில் ஓடுமா என்பதுதான் கேள்வி.

நடுவில் மீடியன் உள்ள ரோடு அது. உங்கள் ஆபீஸ் வலது பக்கம் என்றால், இடது பக்கம் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். உங்கள் கார் கேட் முன்னால் ஒரு தரம், எதிர்ப்பக்கம் ஒரு தரம் என்று ஒரே ரோட்டை இரண்டு முறை தின்னும். பல ரிப்போர்ட்டில் ஒருமுறைதான் எண்ணியிருப்பார்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்த யூ-டர்னில் வண்டியை எடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.