ஜாவா கார்டில் முதல் ஆப்லெட்: கேள்வி பதில்

கேள்வி: ஜாவா ஓரளவு தெரியும். ஸ்மார்ட் கார்டில் ஆப்லெட் ஓட்டிப் பார்க்க என்ன வாங்க வேண்டும்?

ஜாவா கார்டு என்பது ஜாவாவில் எழுதிய சிறு நிரல்களை, அதாவது ஆப்லெட்களை, ஓட்டக்கூடிய ஸ்மார்ட் கார்டு. கடையில் வெறுமனே "ஸ்மார்ட் கார்டு" என்று கேட்டால் எஸ்எல்இ4442 மாதிரி மெமரி கார்டைக் கொடுத்துவிடுவார்கள். அதில் 256 பைட் எழுதலாம், படிக்கலாம், நிரல் ஓடாது. என்எக்ஸ்பி என்ற சிப் நிறுவனத்தின் ஜேகாப் என்ற ஜாவா கார்டு வகையில் ஜே3ஏ081 அல்லது ஜே3ஆர்180 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஃப்யூஸ் செய்ததா (தொடக்க அமைப்பை முடித்துப் பூட்டியதா) என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் செய்யாத கார்டுக்கு டிரான்ஸ்போர்ட் கீ (அந்தத் தொடக்க அமைப்பைத் திறக்கும் ரகசியக் கீ) வேண்டும். அதை விற்பவர் தரவில்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். குறைந்தது மூன்று கார்டு வாங்குங்கள், ஒன்று நிச்சயம் வீணாகும்.

ரீடருக்கு ஏசிஆர்39 போதும். ஏசிஆர்122யூ வாங்கினால் லினக்ஸில் ஒரு தொல்லை உண்டு: கர்னலின் பிஎன்533 மாட்யூல் முந்திக்கொண்டு ரீடரைப் பிடித்துக்கொள்ளும், ரீடரோடு பேசும் சேவையான பிசிஎஸ்சிடிக்கு அது கிடைக்காது. அந்த மாட்யூல் தானாக ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்துவிட்டு ரீடரைக் கழற்றி மாட்டுங்கள். கார்டு வந்து சேரும்வரை ஜேகார்ட்சிம் சிமுலேட்டரில் பழகலாம்.

கேள்வி: கம்பைல் ஆகிறது, கன்வர்ட்டர் (கிளாஸ் ஃபைலைக் கார்டுக்கான கோப்பாக மாற்றும் கருவி) மட்டும் "கிளாஸ் ஃபைல் பதிப்பு 52.0 ஆதரிக்கப்படவில்லை" என்கிறது. கார்டு ஜே3ஏ081.

52 என்பது ஜாவா 8இன் கிளாஸ் வடிவம். உங்கள் கார்டு ஜாவா கார்டு 2.2.2, அதன் கன்வர்ட்டருக்குப் பழைய வடிவம்தான் தெரியும். சோர்ஸ், டார்கெட் இரண்டையும் 1.3 என்று கொடுங்கள். இதற்கு ஜேடிகே 8 வேண்டும். 9 முதல் 1.5ஐயும் அதற்கு முந்தையவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஆன்ட்-ஜாவாகார்டு கருவியைப் பயன்படுத்தினால் எஸ்டிகே (ஜாவா கார்டு நிரல் கட்டும் தொகுப்பு) எது என்று சொன்னால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

புதிய எஸ்டிகேதான் நல்லது என்று 3.0.5இல் கட்டாதீர்கள். கார்டில் ஏற்ற வேண்டிய கேப் கோப்பு உருவாகிவிடும். ஆனால் தன்னிடம் இல்லாத நூலகப் பதிப்பை அது கேட்பதால் கார்டு ஏற்றும்போதே மறுத்துவிடும், பெரும்பாலும் 6ஏ80 என்ற பிழைக் குறியீட்டோடு.

கேள்வி: ஏஐடி (பேக்கேஜையும் ஆப்லெட்டையும் அடையாளம் காட்டும் எண்) எதை வேண்டுமானாலும் வைக்கலாமா?

5 முதல் 16 பைட் வரை. சோதனைக்கு எஃப்0 என்று தொடங்குங்கள், அது பதிவு தேவைப்படாத வரிசை. பேக்கேஜுக்கும் ஆப்லெட்டுக்கும் முதல் 5 பைட் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கன்வர்ட்டர் விடாது.

கேள்வி: ஜிபி கருவியில் (கார்டில் ஆப்லெட்டை ஏற்றி நிர்வகிக்கும் கருவி) லிஸ்ட் கொடுத்தால் ஆப்லெட் தெரிகிறது. செலக்ட் செய்தால் 6டி00 (கட்டளை தெரியாது) வருகிறது, ஏன்?

இதில் சறுக்காத ஆளில்லை. கார்டுக்குப் போவதைப் பாருங்கள்:

00 ஏ4 04 00 07 எஃப்0 01 02 03 04 01 01 00

ஏ4 செலக்ட் கட்டளை, 07 ஏஐடியின் நீளம், கடைசி 00 பதிலின் நீளம். கார்டு ஆப்லெட்டைத் தேர்ந்தெடுத்ததும் இதே கட்டளையை உங்கள் ப்ராசஸ் மெத்தடுக்கும் அனுப்பும். உங்கள் ஸ்விட்சில் ஏ4க்கு கேஸ் இல்லாததால் டிஃபால்ட்டுக்குப் போய் 6டி00 எறிகிறது. ப்ராசஸின் முதல் வரியிலேயே செலக்டிங்ஆப்லெட்டைக் கேட்டு, உண்மை என்றால் ரிட்டர்ன் செய்யுங்கள். 9000, அதாவது வெற்றி, வரும்.

கேள்வி: முதல் நாள் நன்றாக ஓடியது. சில நூறு கட்டளைக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் 6எஃப்00. கார்டு போய்விட்டதா?

கார்டு போகவில்லை, நினைவகம் நிரம்பியிருக்கிறது. 6எஃப்00 என்றால் நீங்கள் பிடிக்காத ஏதோ ஒரு எக்செப்ஷன். ப்ராசஸுக்குள் நியூ போட்டிருக்கிறீர்களா பாருங்கள். இங்கே நியூ என்பது கார்டின் நிரந்தர நினைவகமான ஈஈப்ராமில் இடம் எடுக்கும். மின்சாரம் போனாலும் அழியாது, தானாகத் துப்புரவும் ஆகாது. கட்டளைக்கு 100 பைட் எடுத்தால் 80 கேபி கார்டு ஆயிரம் கட்டளை தாங்காது.

எல்லா அரேகளையும் கன்ஸ்ட்ரக்டரில் ஒரே முறை எடுத்துவிடுங்கள். தற்காலிகக் கணக்குக்கு மேக்டிரான்சியன்ட்பைட்அரே. அது ராமில் இருக்கும், வேகமும் அதிகம், ஈஈப்ராமும் தேயாது. ராம் சில கேபிதான், அளந்து எடுங்கள்.

கேள்வி: 127க்கு மேல் நீளமுள்ள தரவு அனுப்பினால் நீளம் மைனஸில் வருகிறது.

பைட் குறியுடையது. 0எக்ஸ்எஃப்எஃப் கொண்டு மாஸ்க் செய்து ஷார்ட்டாக மாற்றுங்கள். இன்ட் பல கார்டுகளில் கிடையாது. ஸ்ட்ரிங், ஃப்ளோட் எதிலும் கிடையாது.

கேள்வி: பின் எண்ணைச் (ரகசிய எண்) சரிபார்க்க, மீதி வாய்ப்பை எண்ணும் ஒரு கவுன்ட்டரை நானே எழுதினால் என்ன?

வேண்டாம், அதற்கென்றே ஓனர்பின் என்ற கிளாஸ் இருக்கிறது. 3 வாய்ப்பு, அதிகபட்சம் 8 பைட் என்று கொடுத்தால் போதும். நீங்கள் எழுதும் கவுன்ட்டர் வழக்கமாக ஒப்பிட்டுவிட்டு, தப்பென்றால் குறைக்கும். அந்த இடைவெளியில் கார்டுக்கு மின்சாரத்தை வெட்டிவிட்டால் எண் குறையாது; எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். குறைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். டிரான்சாக்‌ஷனுக்குள் குறைத்தால் இன்னும் மோசம், பாதியில் ரத்து (அபார்ட்) ஆனதும் பழைய எண் திரும்பிவிடும். ஓனர்பின்னின் கவுன்ட்டர் டிரான்சாக்‌ஷனில் கலக்காதபடி வரையறுக்கப்பட்டது.

கேள்வி: ஏற்றும்போது கிரிப்டோகிராம் (கீ சரியா என்று சோதிக்கும் குறி) பொருந்தவில்லை என்கிறது. திரும்பத் திரும்ப முயலலாமா?

உடனே நிறுத்துங்கள். சோதனைக் கார்டுகளின் வழக்கமான கீ 40, 41, 42 என்று 4எஃப் வரை போகும் 16 பைட். அது பொருந்தவில்லை என்றால் வேறு கீ போட்டிருக்கிறார்கள். பல கார்டுகள் சுமார் 10 தவறுக்குப் பிறகு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், மீட்க வழியில்லை. விற்றவரிடம் கீயைக் கேளுங்கள்.

கேள்வி: பழைய ஏடிஎம் கார்டு, சிம் கார்டு சும்மா கிடக்கிறது. அதில் ஏற்றலாமா?

ஜாவா கார்டாகவே இருந்தாலும் கீ வங்கியிடமும் டெலிகாம் நிறுவனத்திடமும் இருக்கிறது. சிம்மில்தான் பழக வேண்டுமென்றால் சிஸ்மோகாம் நிறுவனம் கீகளோடு விற்கும் சோதனை சிம் வாங்குங்கள்.