மூன்று படைக்கு எத்தனை கட்டை?

கேள்வி: மழை நாட்களில் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து ‘ரிஸ்க்’ விளையாடுகிறோம் (உலக வரைபடப் பலகையில் படைகளை வைத்து, கட்டை உருட்டி நாடு பிடிக்கும் விளையாட்டு). கம்சட்காவில் எனக்கு மூன்று படை, எதிரே அலாஸ்காவில் மச்சானுக்கு இரண்டு. மூன்று தாயக்கட்டையும் உருட்டினேன்: ஆறு, ஆறு, நான்கு. அதைப் பார்த்த பிறகு மச்சான், “நான் ஒரு கட்டைதான் உருட்டுவேன்” என்கிறார். எங்களிடம் இருக்கும் போட்டோ பிரதியில் ‘தற்காப்பவர் ஒன்று அல்லது இரண்டு கட்டை உருட்டலாம்’ என்று மட்டுமே இருக்கிறது. எப்போது முடிவு செய்வது என்று இல்லை. யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: மச்சான் பக்கம் இல்லை. அதற்காக உங்கள் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் மச்சான். இரண்டு ஆறு கண்ணெதிரே கிடக்கும்போது அவர் இரண்டு கட்டை உருட்டினால், 36க்கு 25 தடவை இரண்டு படையும் போய் அலாஸ்காவும் போய்விடும். ஒன்றை மட்டும் உருட்டினால் என்ன விழுந்தாலும் ஒரு படைக்கு மேல் போகாது. கெட்டிக்காரர்தான். ஆனால் 1993ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பின் விதிகளில், எத்தனை கட்டை என்பதை இருவரும் முன்பே சொல்லிவிட்டு ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் தாளில் அந்த வரி இல்லாவிட்டாலும் யோசித்தால் பிடிபடும். சமமாக விழுந்தால் வெற்றி தற்காப்பவருக்கு என்று ஏற்கெனவே ஒரு சலுகை கொடுத்தாயிற்று. எதிராளிக்கு விழுந்ததைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கும் சலுகையும் அவருக்கே என்றால், தாக்குகிறவர் எந்த நம்பிக்கையில் தாக்குவார்?

இனி உங்களிடம் வருகிறேன். மூன்று படையை வைத்துக்கொண்டு மூன்று கட்டையை எப்படி எடுத்தீர்கள்? உருட்டும் கட்டைகளைவிட ஒரு படையாவது கூடுதலாக இருக்க வேண்டும். அந்த ஒன்று நாட்டைக் காக்க அங்கேயே நிற்கும். நான்கு படை இருந்தால்தான் மூன்று கட்டை. இது எந்தப் பதிப்பிலும் மயக்கம் தருகிற விதி அல்ல. கடிதத்தில் அதைச் சர்வசாதாரணமாக எழுதிவிட்டு மச்சான்மீது வழக்குத் தொடுக்கிறீர்கள்!

அந்த மூன்றாவது கட்டை சும்மா இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று உருட்டினால், சாத்தியமான 7,776 விதங்களில் 2,890இல் தற்காப்பவர் இரண்டு படையை இழப்பார். 2,275இல் தாக்குகிறவர் இழப்பார். மீதியில் ஆளுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு என்றால் கணக்கு தலைகீழ்: 1,296 விதங்களில் தற்காப்பவருக்கு இரண்டும் போவது 295இல் மட்டும், உங்களுக்குப் போவது 581இல். அதாவது அன்று உங்களுக்கு உரிமை இருந்தது நஷ்டக் கணக்கில் தாக்குவதற்குத்தான்.

எனவே அந்த உருட்டல் செல்லாது. கம்சட்காவில் மூன்று, அலாஸ்காவில் இரண்டு என்று படைகளைத் திரும்ப வையுங்கள். மச்சான் எத்தனை கட்டை என்பதை முதலில் சொல்லட்டும். நீங்கள் இரண்டுக்கு மேல் தொடாதீர்கள். தாக்காமல் முறையை விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.