ஒழுங்கற்றது எல்லாம் தற்செயலா?

கேள்வி: கணினிவழிக் கட்டட வடிவமைப்பில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். பெய்ஜிங்கின் 'நீர்க் கனசதுரம்' போன்ற ஒழுங்கற்ற முகப்புகளைத்தான் அது குறிக்கிறதா? கணக்கின்படி மட்டுமே இயங்கும் கணினிக்குள் தற்செயல் எப்படி நுழைகிறது?
— கட்டடக்கலை மாணவி ஒருவர்

பதில்: முகப்பைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். 2008 ஒலிம்பிக் போட்டிக்கென எழுந்த அந்த நீச்சல் அரங்கின் சுவரில் குமிழ்கள் மனம்போனபடி நெருக்கியடித்து நிற்பதாகத் தோன்றினாலும், அந்த அமைப்பு தற்செயலாக வந்ததன்று. வெளியைச் சம கன அளவுள்ள அறைகளாக மிகக் குறைந்த பரப்பைக் கொண்டு பிரிப்பது எப்படி என்று 1887-இல் இயற்பியலாளர் கெல்வின் எழுப்பிய வினாவுக்கு, அவரே தந்த விடையைவிடச் சற்றே மேலான விடையை 1993-இல் டப்ளினில் டெனிஸ் வியர், ராபர்ட் ஃபெலன் ஆகியோர் கண்டார்கள். இரண்டே வகை அறைகளால் ஆன அந்த ஒழுங்கான நுரையைச் சாய்த்து வைத்து வெட்டியதில் கிடைத்த முகம்தான் நாம் காண்பது.

தற்செயல் உண்மையில் உழைப்பது விடை தேடும் வேலையில். ஒரு கூரையின் எடையைக் குறைக்க 20 அளவுகளை மாற்றலாம், ஒவ்வொன்றும் 10 மதிப்புகளை ஏற்கும் என்றால், 1-க்குப் பின் 20 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் வடிவங்கள் உண்டு. அத்தனையையும் சோதிக்க ஆயுள் போதாது. ஒவ்வோர் அடியிலும் மேம்பட்டதை மட்டுமே ஏற்றுக்கொண்டு போனாலோ, பக்கத்துக் குன்றின் உச்சியையே மலையுச்சி என்று நம்பி நின்றுவிடுவோம். ஆகவே உயிரினப் பரிணாமத்தைப் பின்பற்றும் தேடல் முறையான மரபணு நெறிமுறை சில வடிவங்களைக் குருட்டாம்போக்கில் உருவாக்கி, தேறியவற்றைக் கலந்து, இடையிடையே ஓர் அளவைக் காரணமின்றி மாற்றிப் பார்க்கிறது. உலோகம் மெல்ல ஆறுவதைப் பின்பற்றி 1983-இல் முன்வைக்கப்பட்ட மற்றொரு முறை, தொடக்கத்தில் மோசமான விடைகளையும் அவ்வப்போது ஏற்று, போகப்போக அந்தத் தாராளத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் பயன்படுத்தக்கூடிய கிராஸ்ஹாப்பர் என்னும் வடிவமைப்பு மென்பொருளின் கலாபகோஸ் கருவியில் இவ்விரண்டும் உள்ளன.

கணினி தரும் தற்செயல் எண்களும் பெரும்பாலும் கணக்கிட்டுப் பெற்றவையே. கணக்கைத் தொடங்கிவைக்கும் அதே விதை எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். எனவே விதை எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லையேல் நேற்றைய முகப்பை இன்று மீட்க முடியாது. முப்பது விதைகளை மாற்றிப் பார்த்து அழகான ஒன்றைப் பொறுக்கிவிட்டு, பழியையோ புகழையோ தற்செயலின் தலையில் கட்டுவோரும் உண்டு. ஏன் 17-ஆம் விதை என்று தேர்வாளர் கேட்டால், அதன் நிழல் பிடித்திருந்தது என்றே சொல்லுங்கள்.