கேளுங்க சொல்றோம்: கதவுக்கு அந்தப் பக்கம்

கேள்வி: அண்ணே, லீவுக்கு பசங்க வர்றாங்க, வேற மாய உலகத்துக்குப் போற மாதிரி படம் சொல்லுங்க, சும்மா கிராபிக்ஸ் மட்டும் இருக்கிறது வேணாம். (வாசகி, நகரி)

பதில்: தங்கச்சி, உங்க ஊர்ல தமிழ், தெலுங்கு ரெண்டும் ஓடும், அதனால ‘பாதாள பைரவி’யில ஆரம்பிங்க, 1951ல ரெண்டு மொழியிலயும் வந்துச்சு, எஸ்.வி. ரங்காராவ் மந்திரவாதியா வந்து நிக்கிறதே போதும், பசங்க அசைய மாட்டாங்க.

அப்புறம் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’, 1939. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கதவு சீன்தான். அதுவரைக்கும் படம் பழுப்பு கலர்லயே போகும், கதாநாயகிப் பொண்ணு டோரதி கதவைத் திறந்ததும் வெளிய ஒரே வண்ணம். எப்படி எடுத்தாங்கன்னா வீட்டு உள்பக்கத்துக்கே பழுப்பு பெயிண்ட் அடிச்சு, டூப் போட்ட பொண்ணுக்கும் பழுப்பு டிரெஸ் போட்டு கலர் பிலிம்லயே ஷூட் பண்ணிட்டாங்க, அந்தப் பொண்ணு கதவைத் திறந்து ஒதுங்கினதும் டோரதியா நடிச்ச ஜூடி கார்லண்ட் நீல கவுன்ல பிரேமுக்குள்ள வருவாங்க. கம்ப்யூட்டரே இல்லாத காலம்! பசங்களுக்கு அந்த இடத்தை நிறுத்தி ரெண்டாவது தடவை போட்டுக் காட்டுங்க.

ஜப்பான் படம் ‘ஸ்பிரிட்டட் அவே’யும் (2001) நல்லாருக்கும், ஆனா அம்மா அப்பா பன்னியா மாறுற சீன்ல சின்னப் பசங்க பயப்படுவாங்க, பக்கத்துல உக்காந்துக்கங்க.