200 நட்சத்திரம் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானும் (குடியிருப்பு) பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து 400 பேர் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறோம். ஒயர்மேன், பைப் வேலை, டியூஷன், பலகாரம், பழைய சாமான் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. போன மாதம் இரண்டு பேர் முன்பணம் கட்டி ஏமாந்தார்கள். யாரை நம்பலாம் என்று காட்டுகிற மாதிரி, நட்சத்திரம் போடும் ஒரு சின்னச் செயலி செய்து தருவதாக என் மகன் சொல்கிறான். இதற்குள் ஒருவர் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) 'ரெடிமேட்' செயலி தருகிறேன் என்கிறார். குழு களைகட்ட 200 நல்ல மதிப்புரைகளும் போட்டுத் தருவாராம். எதைச் செய்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: மகனே செய்யட்டும் அம்மா. அந்த 800 வெள்ளி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அவர் விற்பது 200 பொய். செயலி அதற்குச் சுற்றிய காகிதம். ஒரு வேலையும் நடக்காத இடத்தில் யார் யாருக்கு நட்சத்திரம் போட்டார்கள்? அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். இந்த ஏஜெண்டுகளுக்கு நட்சத்திரத்துக்கு இவ்வளவு. இன்று உங்களுக்கு 200 விற்பவர், நாளை உங்கள் குழுவில் கைவரிசை காட்ட வருகிறவனுக்கும் 20 விற்பார். அடுத்த கட்டமாக 'உறுப்பினர் சரிபார்ப்பு' என்று எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நகலையும் கேட்பார். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது எந்த ஆலோங் (வட்டி முதலை) கையில் போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது என்பார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கும். கவுண்டர் கவுண்டராக நம்பர் எடுத்துக் காத்திருக்கப் போவது நீங்கள்.

மளிகைக் கடையில் பற்று எழுதும் 555 நோட்டு ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் அதில் யாரையும் 'நல்லவர்' என்று எழுதியதில்லை. என்ன வாங்கினார், எவ்வளவு, சம்பளம் போட்டதும் கொடுத்தாரா, அவ்வளவுதான். உங்கள் செயலிக்கும் அது போதும். வேலை கொடுத்தவரும் செய்தவரும் 'முடிந்தது' என்று அழுத்திய பிறகே நட்சத்திரம் போட இடம் திறக்கட்டும். பேச்சுக்கும் வணக்கத்துக்கும் ஆள் சேர்த்ததற்கும் புள்ளி கிடையாது.

இது நான் சூடு பட்டுக் கற்றது. ஒரு சங்கத்துக்கு இப்படிச் செய்து கொடுத்தபோது, போடும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புள்ளி என்று வைத்தேன். ஒருவர் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ படத்தோடு 'காலை வணக்கம்' போட்டே மூன்று மாதத்தில் 'தங்க உறுப்பினர்' ஆனார். தீபாவளி வந்தது. அந்தத் தங்கத்தை நம்பிப் பலர் முறுக்குக்கு முன்பணம் கட்டினார்கள். முறுக்கு வரவில்லை, ஆளும் வரவில்லை. அவருக்குத் தங்கம் பூசியது நான்.

சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. நேற்று வந்தவருக்கு அவருடைய மச்சான் ஒரு ஐந்து போட்டால் அவர் 5.0. நாற்பது வீட்டில் ஒயரிங் செய்து 4.7 வாங்கியவர் அவருக்குக் கீழே. அதனால் ஒவ்வொருவருக்கும் முதலிலேயே, ஐந்து பேர் நாலு நட்சத்திரம் போட்டது போல வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். மச்சானின் ஆள் 4.17-க்கு இறங்குவார், ஒயர்மேன் 4.62-ல் நிற்பார். சினிமா இணையதளமான ஐஎம்டிபி தன் சிறந்த படப் பட்டியலுக்குப் போடுவதும் இந்த மாதிரிக் கணக்குதான்.

பழிக்குப் பழியும் உண்டு. இணையச் சந்தையான ஈபேயில் வாங்கியவர் குறை எழுதினால் விற்றவர் பதிலுக்கு எழுதுவார். அந்தப் பயத்தில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். 2008-ல், விற்பவர் வாங்குபவருக்குக் குறை போடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி 2014-ல் வேறு வழி பிடித்தது: இருவரும் எழுதும் வரை, அல்லது 14 நாள் முடியும் வரை, எழுதியது யாருக்கும் தெரியாது. நம் ஊருக்கு அதுவும் போதாது. குறை போட்டவரும் வாங்கியவரும் அடுத்த வாரம் கோயில் அன்னதானத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். ஐந்து மதிப்பு சேர்ந்த பிறகே நட்சத்திரம் வெளியே தெரியட்டும், போட்டவர் பெயர் தெரிய வேண்டாம்.

இனி, ஒரு ஆளுக்கு ஒரு போன் நம்பர் என்பதைக் கறாராக வையுங்கள். இல்லாவிட்டால் கெட்ட பெயரைப் பழைய சிம் கார்டோடு கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஆளாக வருவார்கள். புதிதாக வருகிறவர் யாரானாலும் ஐந்து வேலை முடிக்கும் வரை முன்பணம் கேட்கக் கூடாது. உங்கள் இரண்டு பேர் ஏமாந்ததற்கு மருந்து இதுதான்.

'ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்' என்பதற்கு ஒரே ஒரு விலக்கு. எல்லாத் தோட்டத்திலும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிரசம் சுட்டு விற்கும் பாட்டியிடம் போன் இருக்காது. ஆர்டர் பேரன் நம்பருக்கு வரும். அதே நம்பரில் பேரன் பழைய மோட்டார் சாமான் விற்று ஒரு நட்சத்திரம் வாங்கியிருப்பான். அந்த ஒன்று பாட்டியின் அதிரசத்தின் மேல் வந்து விழும். இருபது வருடம் கெட்டுப்போகாத பேர், ஒரு ஓட்டைக் கார்புரேட்டரால் கெடும். ஆகவே அந்த நம்பருக்குள் பாட்டிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். இரண்டு கணக்கும் ஒரே நம்பர் என்பது இரண்டிலும் தெரியட்டும். பாட்டியை நேரில் பார்த்து அவர்தான் சுடுகிறார் என்று தெரிந்த இரண்டு உறுப்பினர்கள் சொல்ல வேண்டும், அவர்கள் அதே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. 'என் தம்பிக்கும் இப்படி ஒன்று' என்று ஒருவர் வருவார். தம்பியிடம் போன் இருந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இதை 'டிஜிட்டல் கிராமத் திட்டம்' ஆக்க யாராவது வருவார்கள். பேனர் கட்டி, ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வந்து ரிப்பன் வெட்டி, போட்டோவுக்கு நின்று, இரண்டு நாள் பயிற்சிக்கு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து, மூன்றாம் மாதம் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் நிற்பார்கள். பாஸ்வேர்டு உங்கள் மகனிடமும் உங்களிடமும் இருக்கட்டும். முதல் இரண்டு மாதம் 30 பேரோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள், நட்சத்திரத்தை வெளியே காட்டாமல். அதில் யாருக்கு ஐந்துக்கு ஐந்தே விழுகிறது என்று பார்த்து, அவருக்குப் போட்டவர்கள் எத்தனை வீட்டுக்காரர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.